குழியின் ஆழம்: மூன்று அடி

கடப்பாரை மூன்றாவது முறையும் துள்ளித் திரும்பியது. குழி வெட்ட வந்தவர் அதைக் கிணற்றுச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"ஒன்றரை அடிதான் போகுது. கீழ தட்டு இருக்கு. இதை உடைச்சு அஞ்சடி இறக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்," என்றார்.

அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மண்ணுக்கடியில் கல்லாக இறுகிக் கிடக்கும் கெட்டித் தட்டில் இரும்பு மோதும் சத்தம் அவளுக்கு அத்துப்படி. வேளாண்மை அலுவலகத்தில், மண் பரிசோதனைப் பிரிவில், எட்டு வருஷமாக அதைக் கேட்டுத்தான் பிழைப்பு நடத்துகிறாள். அந்தச் சத்தம் அப்பாவின் நிலத்திலிருந்து வரும் என்பதும் அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷமாகத் தெரியும்.

அண்ணன் வரப்பில் உட்கார்ந்து செருப்பால் ஒரு மண்கட்டியை நசுக்கிக்கொண்டிருந்தான். லாரி ஓட்டுகிறவன். தகவல் கிடைத்து நேற்று மத்தியானமே வந்து சேர்ந்துவிட்டான். வந்ததிலிருந்து அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது தலையைத் தூக்காமல் பேசினான்.

"தட்டு இல்லைன்னு எழுதிக் குடுத்த மேடம் இங்கதான் நிக்கறாங்க. அவங்களையே கேளுங்க, எங்க வெட்டறதுன்னு."

குழி வெட்டுகிறவர் அவளைப் பார்த்தார். அவள் கிணற்றைப் பார்த்தாள்.

அப்பா வீட்டு முன்னறையில் இருந்தார். நேற்றுக் காலை இதே நிலத்தில் பெருவள்ளிக்கு மேடு கட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியோடு விழுந்து, விழுந்தபடியே போய்விட்டார். தன்னைச் சொந்த நிலத்திலேயே வைக்க வேண்டும் என்று எப்போதோ சொல்லியிருந்தாராம். மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. மணி இப்போது பத்தரை.

பெருவள்ளி கொம்பில் ஏறும் கொடி. மேலே எவ்வளவு தழைத்தாலும் விஷயம் கீழேதான் இருக்கிறது. கிழங்கு நேராக இறங்க மூன்றடிக்கு இளகிய மண் வேண்டும். நடுவில் தட்டு குறுக்கிட்டால் கிழங்கு இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் பரவும். விரல் விரலாகப் பிரியும். தட்டின் மேல் தண்ணீர் நின்று அழுகும். ஆகவே ஒரு நிலம் பெருவள்ளிக்கு ஏற்றதா என்று அறிய ஒரே வழிதான் உண்டு: நேரில் போய்க் குழி வெட்டிப் பார்ப்பது. பையில் வரும் மேல்மண்ணைச் சோதித்தால் சத்து தெரியும், ஆழம் தெரியாது. அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை வகுப்பெடுத்துச் சொல்கிறவளே அவள்தான்.

"என்னாச்சு, ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்து வயல்காரர் வரப்பு தாண்டி வந்தார். ஊரில் அவருக்கு ரேடியோ என்று பெயர். அணைக்கிற பொத்தான் கிடையாது. அப்பாவுக்கு ரசமட்டம் என்று பெயர் வைத்ததும் அவர்தான். கொத்தனார் மட்டம் பார்க்கும் கருவி கூடக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், இவருடைய பாத்தி இருக்காது என்பார்.

"தட்டா? இங்கயா?" ரேடியோ குனிந்து பார்த்தார். "எனக்குத்தாம்மா தட்டு. உங்க ஆபீசுலேர்ந்து வேற ஒரு சார் வந்தாரு. குழி வெட்டினாரு, தட்டைக் காட்டினாரு, வள்ளிக்கு லாயக்கில்லைன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. இதோ, இந்த ஒத்தை வரப்புக்கு அந்தப் பக்கம் எனக்குத் தட்டு, இந்தப் பக்கம் உங்கப்பாவுக்கு இல்ல! பொண்ணு ஆபீசுல இருந்தா பூமி கூட விலகிக்கும் போலிருக்குன்னு நான் கிண்டல் பண்ணுவேன். மனுஷன் சிரிக்க மாட்டாரு."

"அவரு எப்பச் சிரிச்சாரு?" என்றான் அண்ணன்.

"இருந்தாலும் பாரு, நல்ல மண்ணை வச்சுக்கிட்டு கோட்டை விட்டுட்டாரே." ரேடியோவுக்கு வருத்தம் உண்மையாகவே இருந்தது. அதனால் குரல் இன்னும் உயர்ந்தது. "தண்ணி அதிகமா விட்டாரு. எப்பப் பாத்தாலும் கிளறிக்கிட்டே இருந்தாரு. கிழங்கு வெளிய வந்தப்ப உள்ளங்கையாட்டம் இருந்துச்சு, அஞ்சு விரலோட. டீக்கடையில எல்லாரும் சிரிச்சாங்க. அவரே ஒத்துக்கிட்டாரு. மண்ணு நல்ல மண்ணுதான், எனக்குத்தான் கை வரலைன்னு."

நாற்பது வருஷம் விவசாயம் பார்த்தவர் டீக்கடையில் நின்று அப்படிச் சொல்லியிருக்கிறார். அவளுக்குக் காது மடல் சுட்டது. மண் நல்ல மண் இல்லை என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட நாக்கு எழுந்தது. எழுந்து, படுத்துக்கொண்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா அலுவலகத்துக்கு வந்திருந்தார். பெருவள்ளி போட விரும்புகிறவர்கள் மண்ணைக் கொண்டுவந்து பதிவு செய்துகொள்ளலாம் என்று அறிவித்திருந்த வாரம். பதினேழாம் நம்பர் டோக்கனைக் கையில் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவள் அவரைப் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய சந்திப்பு வீட்டு வாசலில். கல்யாண வாழ்க்கையை முடித்துக்கொண்டு இரண்டு பெட்டிகளோடு அவள் வந்து நின்றபோது அவர் இரும்புக் கேட்டைத் திறக்கவில்லை. "மொதல்ல போய் ஒழுங்கா குடித்தனம் பண்ணு. அப்புறம் வா" என்றார். அவர் தோளுக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள். வாசலில் நின்றவள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினாள். டவுனில் ஓர் அறை எடுத்தாள். அவ்வளவுதான்.

டோக்கன் பதினேழு வந்து நின்றது.

"மண்ணு கொண்டாந்திருக்கேன், மேடம்."

மேடம் என்றுதான் சொன்னார். வரிசையில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், நாமும் சொல்வோம் என்று நினைத்திருக்கலாம். நக்கல் செய்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பழைய போர்வையில் தைத்த பை. உள்ளே கறுப்பாக, பொலபொலவென்று மண். ஒரு கல் இல்லை, ஒரு வேர் இல்லை. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் எருக்குழி ஓரத்து மண். விவசாயிகள் இதைச் செய்வார்கள். ஆபீசுக்குக் கொடுக்கிற மண் நல்ல மண்ணாக இருக்க வேண்டும் என்று நினைப்பார்கள். அந்த மாதிரிப் பை வந்தால் அதை ஒதுக்கிவிட்டு நிலத்துக்கே போக வேண்டும் என்பது விதி.

"வள்ளிக்கு ஆழம் பாக்கணுமாமே. நேர்ல வந்து குழி வெட்டிப் பாப்பாங்கன்னு சொன்னாங்க." அப்பா மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே பேசினார். "ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போனா நல்லது. அம்மாவும் இருக்கா."

அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர் மண்ணைக் கொண்டுவந்திருக்கிறார். நன்றாகப் புரிந்தது. புரிந்ததால்தான் ஆத்திரம் வந்தது.

"தேவைப்பட்டா வருவோம். டோக்கன் பதினெட்டு," என்றாள்.

அந்த வாரமே படிவத்தை நிரப்பினாள். குழி வெட்டப்பட்ட நாள்: பதினான்கு. குழியின் ஆழம்: மூன்று அடி. கெட்டித் தட்டு: இல்லை. பரிந்துரை: பெருவள்ளிக்கு மிகவும் ஏற்றது. ரேடியோ நிலத்தின் அறிக்கை அதே இழுப்பறையில்தான் இருந்தது. ஒன்றரை அடியில் தட்டு, ஏற்றதல்ல என்று. ஒரு வரப்பு தாண்டினால் தட்டு மாயமாகிவிடாது என்று அவளுக்குத் தெரியாதா? சோம்பலில் எழுதியதாகத் தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறாள். சோம்பல் இல்லை. உங்கள் வாசலுக்கு நான் வரவேண்டியதில்லை என்பதை ஆபீஸ் தாளில் முத்திரை வைத்து எழுதி அனுப்பினாள். அடுத்த வருஷம் மகசூல் பட்டியல் வந்தபோது அப்பா பெயருக்கு எதிரே வெறும் கோடு இருந்தது. பார்த்தாள். பக்கத்தைத் திருப்பினாள்.

"ஏம்ப்பா, எதுக்கு இங்க மல்லுக்கட்டறீங்க?" ரேடியோ குழி வெட்டுகிறவரிடம் சொன்னார். "நடுவுல இந்தப் பொண்ணு வெட்டின குழி இருக்கே. அதுல தட்டு இல்லியே. அதையே கொஞ்சம் இறக்கினா ஆச்சு."

"எந்தக் குழி?" என்றாள் அவள்.

"எந்தக் குழியா! நல்லா கேட்டே போ. நீ வந்து வெட்டிப் பாத்தியேம்மா, அந்தக் குழி. பதினாலாம் தேதி. உங்கப்பா சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் எழுந்து பின்புறத்து மண்ணைத் தட்டிக்கொண்டான்.

"நான் லாரியோட வெளியூர் போயிருந்த வாரமாப் பாத்து வந்துட்டுப் போயிருக்க," என்றான். "அம்மா கையால ஒரு வாய் சாப்பிடக்கூட இல்லையாமே. குழி மட்டும் வெட்டிப் பாத்துட்டு அப்படியே கிளம்பிட்டியாம். அவ்வளவு வீம்பு."

"நான்..." என்று ஆரம்பித்தாள். ஆனால் ரேடியோ முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். அவளும் போனாள்.

பாதி கட்டிய மேடுகளுக்கு நடுவே பழைய தகரக் கூரைத் துண்டுகள் மூன்று வரிசையாகக் கிடந்தன. காற்றில் பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் கல். அண்ணனும் குழி வெட்டுகிறவரும் தகரத்தைத் தூக்கினார்கள்.

ஆறடி நீளம், மூன்றடி அகலம். ஓரங்கள் நூல் பிடித்தது போல நேராக இருந்தன. ஒரு கோடியில் இறங்குவதற்கு இரண்டு படி. காலை வெயில் விழுகிற பக்கத்துச் சுவர் மட்டும் செங்குத்தாக, மழமழவென்று. அறிக்கையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும் முறை இதுதான். நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, வெயில் படும் சுவரைச் செதுக்கிச் சுத்தம் செய்க என்று. அவளுடைய அலுவலகத்தில் ஒருத்தரும் அதைப் படித்ததில்லை. இவ்வளவு ஒழுங்கான ஒரு மண் குழியை அவள் தன் எட்டு வருஷத்தில் பார்த்ததில்லை.

குழி வெட்டுகிறவர் இறங்கி அடியில் கடப்பாரையைப் போட்டார். அது முழங்கால் அளவுக்குச் சத்தமில்லாமல் இறங்கியது.

"தட்டே இல்ல. பொலபொலன்னு இருக்கு. ரெண்டு மணி நேர வேலைதான்."

"நான் சொல்லல?" என்றார் ரேடியோ. "இந்த மண்ணுல வள்ளி தொடை கனத்துக்கு இறங்கியிருக்கணும். ரசமட்டத்துக்கு அந்தப் பக்குவம் தெரியாமப் போச்சு."

"ஒரு நிமிஷம் மேல வாங்க. நான் இறங்கிப் பாக்கணும்," என்றாள் அவள்.

ஆபீஸ் மேடம் பார்க்கிறாள் என்று எல்லாரும் மரியாதையாக விலகி நின்றார்கள். அவள் படியில் கால் வைத்து இறங்கினாள். கைப்பையில் எப்போதும் கிடக்கும் டேப்பை எடுத்து நிறுத்திப் பார்த்தாள். மூன்று அடி. ஒரு விரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வெயில் படும் சுவரின் முன் உட்கார்ந்தாள். அது மட்டுமல்ல, நான்கு சுவரும் முழுக்க ஒரே நிறம். எந்த நிலத்துச் சுவரும் மேலிருந்து கீழ் வரை ஒரே நிறமாக இருக்காது. ஒன்றரை அடி உயரத்தில் விரல் நகத்தை வைத்துச் சுரண்டினாள். பூச்சு அரை விரல் கனத்துக்குப் பெயர்ந்து வந்தது. குழைத்துப் பூசி, தேய்த்து மெருகேற்றின சேறு. பின்னால் வெள்ளையாகத் தட்டு இருந்தது. அதில் கடப்பாரை இறங்கின தடம் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, நெருக்கமாக.

பெயர்த்த சேற்றை எச்சில் தொட்டு மறுபடி அதே இடத்தில் அழுத்தினாள். கை ஏன் அதைச் செய்தது என்று அப்போது தெரியவில்லை.

வீட்டில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். இரவல் நாற்காலிகள் முற்றம் வரை வந்துவிட்டன. அம்மா சமையலறைக் குழாயடியில் நின்று வருகிறவர்களுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். யாராவது அந்த வேலையை வாங்கிக்கொள்ள வந்தால் கொடுக்கவில்லை.

"அம்மா, அந்தக் குழியை யாரு வெட்டினது?"

அம்மா டம்ளர் நிறையும் வரை காத்திருந்தாள். "நீதான்."

"அம்மா."

"ஊருக்கு நீதான். உங்கண்ணனுக்கும் நீதான். நீ இல்லைன்னு தெரிஞ்சவங்க நாங்க ரெண்டு பேர்தான். இப்ப நான் ஒருத்தி." அடுத்த டம்ளரை வைத்தாள். "தபால்ல உன் பேப்பர் வந்துச்சு. கண்ணாடியப் போட்டுக்கிட்டு நாலு தரம் படிச்சாரு. பதினாலாம் தேதி குழி வெட்டினதாப் போட்டிருக்காளே, அன்னிக்கு நாம ரெண்டு பேரும் வீட்டுலதானே இருந்தோம்னாரு. கண்ணாடியக் கழட்டி மடிச்சு வச்சாரு. அப்புறம் வெளிய போய் ரேடியோகிட்டப் பேசறது எனக்கு இங்க கேக்குது. பொண்ணு வந்திருந்தா, குழி வெட்டிப் பாத்தா, மண்ணு பிரமாதம்னு எழுதியிருக்கான்னு. அவன் குழி எங்கன்னு கேட்டான். மறுநாள் காலையில கடப்பாரையத் தூக்கிட்டுப் போயிட்டாரு."

"யாரும் பாக்கலியா?"

"பாக்காம என்ன? அவ அவசரத்துல வெட்டிட்டுப் போயிட்டா, ஓரமெல்லாம் கோணல், நான் மட்டம் பண்றேன்னு சொன்னாரு. ரசமட்டம்தானே. நம்பாம என்ன செய்வாங்க?" அம்மா சிரிக்கவில்லை. "பதினோரு நாள். அந்தத் தட்டு ஒரு சாண் கனம். கையில தோல் இல்லாம வந்து உக்காருவாரு, நான்தான் சோத்தைப் பெசஞ்சு குடுப்பேன். தட்டு இருக்குன்னு தெரிஞ்சுபோச்சே, வள்ளி வேணாம்னேன். போடலைன்னா அவ எழுதினது பொய்யின்னு ஆயிடும், வேலைக்கு வம்பு வரும்னாரு. கடைசி நாளு சேத்தைக் குழைச்சு எடுத்துட்டுப் போய்ப் பூசிட்டு வந்தாரு."

முன்னறையில் யாரோ அம்மாவைத் தேடினார்கள். அம்மா வரேன் என்று குரல் கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"ஒரு தடவை போட்டது போதாதா? இந்த வருஷமும் எதுக்கும்மா மேடு கட்டினாரு?"

"விளையலைன்னா என்ன ஏதுன்னு பாக்க ஆபீசுலேர்ந்து ஆளு வருமாமே. அவதான் வருவான்னாரு. போன தடவை வரலியேன்னேன். ஒரு தடவை தப்பினா கவனிச்சிருக்க மாட்டா, ரெண்டாம் தடவை கட்டாயம் கவனிப்பான்னாரு."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். பட்டியலில் இருந்த அந்தக் கோடு, பக்கத்தைத் திருப்பின விரல், எல்லாம் இப்போதுதான் நடப்பது போலக் கண்முன்னே வந்தது. தன்னை வாசலில் நிறுத்தியவர் மேல் மூன்று வருஷமாகக் காப்பாற்றி வைத்திருந்த கோபத்தை அவள் தேடினாள். அது இருந்தது. அதுவும் போகவில்லை என்பதுதான் கொடுமை.

"சொல்லிடறேன்ம்மா. எடுக்கறதுக்கு முன்னாடி எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். மண்ணுதான் சரியில்ல, நான்தான் பாக்காம எழுதினேன்னு. அவருக்கு விவசாயம் தெரியாதுன்னு பேசறாங்கம்மா. என்னால கேக்க முடியல."

"சொல்லேன்." அம்மா குழாயை மூடினாள். "அப்ப நீ வரவே இல்லைன்னும் சொல்லணும். அந்த மனுஷன் ரெண்டு வருஷமா ஊரெல்லாம் சொன்னது கட்டுக்கதைன்னும் சொல்லணும். பொண்ணை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டு, வந்துட்டுப் போனான்னு தானே ஒரு குழியை வெட்டி வச்சுக்கிட்டவன்னு பேசுவாங்க. வள்ளி வளக்கத் தெரியாதவனா போகட்டுமா, பொண்ணு எட்டிக்கூடப் பாக்காதவனா போகட்டுமா, நீயே முடிவு பண்ணு. எழுதறவ நீதானே."

டம்ளர்களை எடுத்துக்கொண்டு போகப் போன அம்மா வாசற்படியில் நின்றாள்.

"அந்தப் பை மண்ணு, நீ டெஸ்ட் பண்ணினியே, முறத்துல கொட்டி நானும் அவரும் ஒரு பகல் முழுக்க உக்காந்து கல்லு பொறுக்கினோம். உன் கை படற மண்ணுன்னாரு."

மூன்று மணிக்கு எடுத்தார்கள். வீட்டிலிருந்து நிலம் கூப்பிடு தூரம்தான். குழி இப்போது ஐந்தடி இறங்கியிருந்தது. தோண்டின மண் இரு பக்கமும் குவிந்து கிடந்தது, மேலே இன்று எடுத்த மஞ்சள், அடியில் முன்பே எடுத்துப் போட்டிருந்த கறுப்பு, எல்லாம் தலைகீழாக. வழி முழுக்க அவள் சொல்லப்போகும் வாக்கியத்தை மனசுக்குள் சரி செய்துகொண்டே வந்தாள். ஒரு தடவை அது அப்பாவைக் காப்பாற்றியது. இன்னொரு தடவை அவரைப் பொய்யராக்கியது. எப்படித் திருப்பிப் போட்டாலும் ஒரு பக்கம் கிழிந்தது.

சவப்பெட்டியைக் கயிற்றில் இறக்கும்போது காலையில் அவள் சுரண்டின பக்கத்தில் கயிறு உரசியது. பூச்சு உடைந்து ஒரு முழ நீளத்துக்குச் சரிந்து பெட்டியின் மேல் விழுந்தது. சுவரில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரிந்தது.

"இது என்ன வெள்ளையா?" என்று ரேடியோ கழுத்தை நீட்டினார்.

குழி வெட்டுகிறவர் குனிந்து விரலால் தட்டிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. "தட்டாட்டம்..." என்று இழுத்துவிட்டு அவளைப் பார்த்தார். அண்ணன் கயிற்றைப் பிடித்தபடியே அவளைப் பார்த்தான். டீக்கடையில் சிரித்தவர்கள் பார்த்தார்கள். மண்ணைப் பற்றி ஒரு கேள்வி, எதிரே மண் ஆபீஸ் மேடம். பதில் சொல்ல அவளை விட்டால் அங்கே ஆள் இல்லை.

அம்மா மட்டும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுண்ணாம்புக் கலப்பு. சில இடத்துல அப்படித்தான் நரம்பு மாதிரி ஓடும். தட்டு இல்ல. நல்ல மண்ணுதான்," என்றாள் அவள்.

டோக்கன் பதினெட்டு என்று சொன்ன அதே குரல். கொஞ்சமும் நடுங்கவில்லை. அப்பாவின் மானத்தைக் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொள்ளலாம். தன் வேலையும் கூடவே காப்பாற்றப்பட்டுவிட்டது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

குழி வெட்டுகிறவர் அவள் கைகளை ஒரு தடவை பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா, படிச்சவ சொல்றா," என்றார் ரேடியோ கூட்டத்தைப் பார்த்து. "மண்ணுல குத்தமே இல்ல. பாவம், அவருக்குத்தான் கை வரல."

யாரோ உச்சுக்கொட்டினார்கள். அண்ணன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே அவள் பக்கத்தில் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது. காலையில் இருந்த வெடுவெடுப்பு குரலில் இல்லை.

"நீ ஒருத்தியாவா வெட்டின, இவ்வளவையும்?"

"ஆமா. நான்தான் வெட்டினேன்."

"அன்னிக்கு அப்பா என்ன சொன்னாரு?"

அவள் இதை யோசித்து வைத்திருக்கவில்லை. குழிக்குள் பெட்டியின் மேல் உடைந்த சேறு சிதறிக் கிடந்தது. அதன் மெருகு இன்னும் போகவில்லை.

"சாப்பிட்டுட்டுப் போன்னாரு."

"நீ?"

"வேலை இருக்குன்னுட்டேன்."

அண்ணன் தலையை ஆட்டினான். அவரைப் பற்றி ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது போல, ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு விலகி அவளுக்கு இடம் விட்டான்.

அவள் குனிந்து மண் அள்ளினாள். அதில் இரண்டு கல் இருந்தது. பின்னால் ஆட்கள் வரிசையாகக் காத்திருந்தார்கள். ஒன்றைப் பொறுக்கி ஓரமாகப் போட்டாள். இன்னொன்று பொடிக்கல். ஈரமண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டியிருந்தது.